ஆறு டிகிரியில் ஒரு பெருக்கி

நீர்வௌவாலின் எடை எட்டு கிராம்.
அதில் இருபதில் ஒரு பங்கு,
அதற்குமேல் ஒரு மில்லிகிராம் ஏற்றக் கூடாது.
தன் முதுகில் ஒட்டப்போவது போலச் சொன்னாள் மர்யே.

பேட்டரி, ஆன்டெனா, பசை எல்லாம் போக
எனக்கு மிஞ்சியவை:
கடுகை நாலாக நறுக்கினால் ஒரு துண்டின் இடம்,
எண்ணூறு நானோ ஆம்பியர்,
பனி விழுவதற்குள் ஒரு கோடை.

தார்த்துவில் மூன்றாம் மாடியில்
ரைகோ என் கணக்கை வாங்கிப் பார்த்தான்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்தான், ஆனால்
விரலே இல்லையே, என்றான்.

இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது
என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.
விளக்கை அணைத்து, கம்பிகளை உருவி,
செம்புக் கூண்டுக்குள் பூட்டிவைத்தாலும்
டிரான்சிஸ்டர் தனக்குள்ளே முணுமுணுக்கும்.
வெப்பம் உள்ளவரை எலக்ட்ரான் அடங்காது.
தீனி போட்டால் கொஞ்சம் அடங்கும்:
சத்தம் பாதியாக, மின்னோட்டம் நாலு மடங்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
இதைப் பார்த்திருந்தால்
ஆற்றையே அளந்திருப்பார்கள்.

இன்னொரு இரைச்சல் உண்டு. மெதுவாக ஊர்வது.
உறங்கும் இதயம் துடிக்கும் அதே வேகத்தில் வரும்,
வீட்டுக்காரனின் செருப்பை மாட்டிக்கொண்டு
நடக்கும் திருடன்.
அவனுக்காக உள்ளீட்டு ஜோடியை அகலமாக்கினேன்,
மேலும் அகலமாக்கினேன்.
கடைசியில் சிப்பில் பாதியை அவையே அடைத்துக்கொண்டன,
லிஃப்டில் ஏற்றிய இரண்டு சோஃபாக்கள் போல.
மற்றவையெல்லாம் சுவரோடு ஒட்டி
மூச்சைப் பிடித்து நின்றன.

செப்டம்பரில் மர்யே ஒட்டினாள்.
வௌவாலோடு சேர்ந்து அதுவும் உறங்கப் போயிற்று.

பிப்ரவரி. பியூசா மணற்குகை. உள்ளே ஆறு டிகிரி.
அனுமதிக் கடிதத்தில் இருந்தது:
இரண்டு ஆட்கள், சிவப்பு விளக்கு, நாற்பது நிமிடம்.
வானலையில் கட்டளை அனுப்பி எழுப்பினேன்.
திரையில் கோடு விருட்டென்று மேலே போய்
உச்சியில் ஒட்டிக்கொண்டது.
அசையவில்லை.
அதுவும் கூரையைப் பிடித்துத் தொங்குகிறது என்று
வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

செத்துவிட்டதா? மர்யே உதட்டால் கேட்டாள்.
எது என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பத்து நிமிடம். பதினெட்டு.
மணல் ஈரம் முழங்காலில் ஏறியது.
அப்போதுதான் உறைத்தது:
நான் சரிபார்த்ததெல்லாம் இருபத்தேழு டிகிரியில்.
கேட்காமலே மென்பொருள் தரும் எண் அது,
எங்கள் ஊரில் ஜூலையில் நாலு நாள் வரும் வெயில்.
டிரான்சிஸ்டரை வளைத்து நான் செய்த போலி மின்தடை
இந்தக் குளிரில் பல மடங்கு பருத்திருக்கும்.
நொடிகளில் நிலைகொள்ள வேண்டிய உள்ளீடு
சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்.
பழுதில்லை.
குளிர்காலத்துக்குத் தக்கபடி
அதுவும் மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான்.

முப்பத்துநாலாம் நிமிடம் கோடு கீழே வரத் தொடங்கியது,
யாரும் கூப்பிடாமல் தானாக எழுந்து வரும் ஆள் போல.
நடுவில் வந்து நின்றது. தட்டை.
ரோமத்தில் பனித்துளிகளோடு வௌவால் தலைக்கு மேலே.
இன்னும் தட்டை.

பிறகு ஒன்று.
அறுபது மைக்ரோவோல்ட் உயரம், கூர்மையாக.
மர்யே என் சட்டைக் கையைப் பிடித்தாள்.
ஏழு நொடி எதுவும் இல்லை.
பிறகு இன்னொன்று.

இடைப்பட்ட அந்த ஏழு நொடியில்தான்
என் வேலை முழுவதும் இருந்தது.
ஒன்றும் இல்லாததை
ஒன்றும் இல்லாததாகவே காட்டுவது.
இரைச்சல் கணக்கிட்டதைவிட
நாலு சதவீதம் குறைந்திருந்தது,
குளிர் திருப்பித் தந்த சில்லறை.

பதினோராம் துடிப்போடு நேரம் முடிந்தது.
பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தோம்.

காரில் மர்யே தூங்கிப்போனாள்.
எஞ்சினை அணைத்துவிட்டு
ரசீதின் பின்புறம் எழுதினேன்:
அடுத்த சிப்பில் ஒரு மீட்டமைப்புச் சுவிட்ச்.
இடம் வேண்டும், எட்டு மைக்ரான்.
ஒரு சோஃபாவை நகர்த்தியாக வேண்டும்.